பேரு எதுக்கு

அவருடைய பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை. பதினேழு வருடம் எதிர்க் கதவில் இருந்த ஒருவரின் பெயர் எப்படி மறக்கும்? அதை ஒருமுறை சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை வேண்டாம்.

கனடாவின் ஸ்காபரோவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடி. எங்கள் கதவைத் திறந்தால் நேரே அவருடைய கதவு. கட்டையான, மெலிந்த பெண். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முதலில் மகளோடு இருந்தார். மகள் கலியாணம் முடித்து ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போன பிறகு தனியே இருந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. ஏழாம் மாடிப் பிலிப்பினோப் பெண்கூட 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அதுதான் அவருடைய பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். அக்கா அவளைத் திருத்தவில்லை.

யாராவது பெயர் கேட்டால் அக்காவிடமிருந்து ஒரு கேள்விதான் வரும். "பேர் எதுக்கு?" கோபமாகக் கேட்கமாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல, முகத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு கேட்பார்.

சூப்பர் மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கும் அட்டை வாங்கமாட்டார். கோயிலில் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டால், "சாமி பேருக்கே செய்யுங்கோ" என்பார். மகளுடைய பிறந்தநாளுக்கு அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் கேக் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். மேலே என்ன பெயர் எழுதுவது என்று கேட்டாள் அங்கே நின்ற பெண்பிள்ளை. "வாழ்த்து மட்டும் போடுங்கோ. ஆருக்கெண்டு எங்களுக்குத் தெரியும்தானே" என்றார் அக்கா.

டொக்டரிடம் போனால் எல்லோரும் உட்காரும் இடத்தில் உட்காரமாட்டார். வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே, சுவரோரமாக நிற்பார். அந்தப் பெண் அடுத்த கோப்பைக் கையில் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தன்னுடையது என்று கண்டதும், அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். தன் பெயரை இன்னொருவர் உரத்து வாசிக்க அவர் விட்டதே இல்லை.

எனக்கு முதலில் இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவருக்கு நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

சிரிப்பு நின்றது லிப்டில். நாங்கள் குடிவந்து ஒரு வருடம் இருக்கும். இருவரும் சாமான் பைகளோடு ஏறினோம். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிப்ட் ஒரு உலுப்பு உலுப்பி நின்றுவிட்டது. விளக்கும் மங்கிப்போனது. நான் மணிப் பொத்தானை அழுத்தினேன். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் ஒருவன் ஆங்கிலத்தில், உள்ளே எத்தனை பேர், உங்கள் பெயர் என்ன என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். அக்காவின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"பேரு சொல்லாதீங்க" என்றார், காதோடு. "ரெண்டு பேருன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

நான் அப்படியே சொன்னேன். நாற்பது நிமிடம் உள்ளே இருந்தோம். அவ்வளவு நேரமும் அவர் நிலத்தில் குந்தியிருந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மேலே யாரோ கதவை நெம்பும் சத்தம் கேட்டபோது, "சத்தம் போடாதீங்க. வர்றது யாருன்னு தெரியாது" என்றார். வந்தவர்கள் திருத்தும் ஆட்கள் இருவர். கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள்.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை எங்களோடு 'ஓம்', 'வாறன்', 'என்ன செய்யிறியள்' என்று, இலங்கையின் வடக்கிலிருந்து வந்த எங்களைப் போலவே பேசிய அக்கா, லிப்டுக்குள் வேறு தமிழ் பேசினார். ஊர் எது என்று கேட்டால் "வவுனியாப் பக்கம்" என்று மட்டும் சொல்பவர்.

"அக்கா, நீங்கள் மலையகமோ, தேயிலைத் தோட்டப் பக்கமோ?" என்று கேட்டேன்.

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்களோட இருக்கட்டும்" என்றார்.

அன்று முதல் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது தன்னுடைய தமிழிலேயே பேசத் தொடங்கினார். மூன்றாவது ஆள் வந்தால் உடனே எங்களுடைய தமிழுக்கு மாறிவிடுவார். அந்த மாற்றம் நடக்கும் வேகம் எனக்குப் பயமாக இருக்கும்.

சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்த வருடம், படிவம் அனுப்பாத வீடுகளுக்கு ஆள் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வயதான ஒரு வெள்ளைக்காரர், அக்காவின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். அக்கா என் குசினியில் இருந்தார். சத்தம் வரும் என்று அடுப்பின் புகைபோக்கி விசிறியையும் நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, இது எத்தினை பள்ளிக்கூடம் வேணும், எத்தினை பஸ் விடவேணும் எண்டு பாக்கிறதுக்கு. நான் நிரப்பித் தாறன்" என்றேன். கட்டடத்தில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

"எண்ணுறதெல்லாம் நல்லதுக்குன்னு சொல்லித்தாங்க ஆரம்பிப்பாங்க" என்றார்.

அந்த மனிதர் ஒரு துண்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அக்கா ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. மகள் ரூஜிலிருந்து வந்து நிரப்பி அனுப்பினாள். "அம்மா, பிளீஸ், திஸ் இஸ் கனடா" என்று அவள் சொன்னது எங்கள் கதவுக்குள்ளும் கேட்டது.

என் கணவரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நல்ல மனிதர். கார் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரில் போர் முடிந்த பிறகு வந்த வருடங்களில் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுக்கென்று ஒரு நாடு இருந்திருந்தால் இவ்வளவு பேர் செத்திருக்கமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அவரும் இரண்டு கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒரு படிவம் கொண்டுபோனார்கள். பெயர், ஊர், கிராமம், போரில் யாரை இழந்தீர்கள். உலகத்துக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

எதிர்வீட்டுக் கதவையும் தட்டினார்கள். நான் எங்கள் வாசலில் நின்றேன்.

அக்கா படிவத்தை வாங்கி முழுவதும் வாசித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"பேர் எதுக்கு தம்பி?"

"எங்கட இனத்துக்கு என்ன நடந்ததெண்டு நாங்கள் சொல்லாட்டி ஆர் அக்கா சொல்லுறது? பேரில்லாட்டி ஆரும் நம்பமாட்டாங்கள்" என்றார் என் கணவர்.

"எனக்கு வேண்டாம் தம்பி."

"தமிழாளா இருந்துகொண்டு பேர் குடுக்க என்ன பயம்?" கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

 அக்கா மூன்று ஆண்களுக்கு முன்னால், முதல் தடவையாக, தன்னுடைய தமிழில் கேட்டார். "நாடு கெடைச்சா எங்கள எங்கங்க எழுதுவீங்க? மேலயா, கீழயா, வெளியவா?"

 அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என் கணவர் சொன்னார், "தோட்டக்காட்டு ஆக்களுக்கு உது எங்க விளங்கப்போகுது."

எதிர்க் கதவு மெதுவாகச் சாத்தப்படுவது கேட்டது.

அடுத்த நாள் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் அவரைக் கண்டேன்.  அவர்தான் பேச்சைத் தொடங்கினார். தொழிற்சாலையில் நாள் முழுக்க மடித்துவிட்டு வந்தவர், என்னுடைய விரிப்பின் மறுமுனையையும் பிடித்து மடித்துக்கொண்டே சொன்னார்.

பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் அவர்கள் இருந்த தொழிலாளர் லயன் வீட்டு வரிசைக்குத் தீ வைத்தார்கள். தப்பிய குடும்பங்கள் வடக்கே வந்தன. வவுனியாவுக்கு அப்பால் காட்டோரமாக தொண்டு அமைப்புக்காரர்கள் ஆளுக்கொரு துண்டுக் காணி கொடுத்தார்கள். கிணறு வெட்டினார்கள், நிலக்கடலை போட்டார்கள். அங்கேதான் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது.

"பையன்க வந்தாங்க" என்றார். "நல்ல பையன்க. துப்பாக்கிய வெளியவே வச்சுட்டுத்தான் உள்ள வந்தாங்க. கையில ஒரு கொப்பி. வீட்டுக்கு வீடு பேரு எழுதுனாங்க. நாடு கெடைச்சதும் இந்தக் காணிய உங்க பேருக்கே எழுதித் தருவோம்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு எவ்வளவு சந்தோசமாச் சொன்னாருங்க தெரியுமா. தன் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு. எழுதுனத வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டாரு. அதுவரைக்கும் உங்க நாடு, உங்க காணின்னு எங்க பேர யாரும் எழுதுனதில்ல."

மூன்று மாதம் கழித்து இராணுவம் வந்தது. ஆண்களைப் பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார வைத்தார்கள். பெண்களை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். ஒரு அதிகாரி மேசையில் இருந்து வாசித்தான். அவன் கையில் இருந்தது அதே கொப்பி. எங்கே, யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவனுக்குத் தமிழ்ப் பேரு வாயில வரல. தப்பாத்தான் வாசிச்சான். இவரு பேரையும் தப்பாத்தான் வாசிச்சான். வேற யாரோன்னு பேசாம குந்தியிருந்திருக்கலாம்." விரிப்பை மடிப்பதை நிறுத்தியிருந்தார். "எந்திரிச்சுட்டாருங்க. அது இப்பிடியில்ல, இப்பிடின்னு பேரத் திருத்திச் சொன்னாரு."

பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் அப்போது வயிற்றில் மூன்று மாதம். பதினொரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

நான் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்து கூப்பிட்டபோது தலையிடி என்றார். அந்தப் படிவக் கட்டு எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் பல வருடம் கிடந்தது. எறியவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவும் அவரால் முடியவில்லை. லிப்டில் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

வருடங்கள் போயின. அண்மையில்தான் கொடிகள் வந்தன.

தெற்கே இருக்கும் பெரிய நாட்டின் தலைவர் இந்த நாட்டைத் தன்னுடைய நாட்டோடு சேர்த்துவிடலாம் என்று பேசினார். பகிடி என்று சிலர் சொன்னார்கள், பகிடியில்லை என்று சிலர் சொன்னார்கள். எங்கு பார்த்தாலும் சிவப்பு இலை. கார்களில், கடைக் கண்ணாடிகளில், பால் பெட்டிகளில். எங்கள் கட்டடத்தின் பல்கனிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. என் கணவரும் ஒன்று வாங்கிக் கட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, பஸ்ஸில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, "நாங்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம், இல்லையா?" என்றாள். அந்த 'நாங்க'ளுக்குள் நானும் இருந்தேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"நல்ல கொடிதாங்க" என்றார். "கொடியில ஒண்ணுமில்ல. ஆனா எல்லாரும் ஒரே சமயத்துல ஏத்துறப்ப, அடுத்தாப்புல யாரு ஏத்தலன்னு பாப்பாங்க. அதுக்கப்புறம் ஏத்துனவங்கள்ல யாரு நெசமா ஏத்துனான்னு பாப்பாங்க."

பிறகு, தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார். எங்களுடையதைவிடப் பெரியதாக இருக்கவேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் தெருவில் இறங்கி நின்று, ஒன்பதாம் மாடியை அண்ணாந்து, அது விழாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார். ஒரு காற்று நாளில் ஓரம் கிழிந்துபோனது. அன்று வேலைக்குப் போகவில்லை. கொடியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

கோடை முடியும் நேரம் ஒரு காலை, வேலைக்குப் போக இறங்கினால் கீழே கூட்டம். எங்கள் கட்டடத்தின் முன்வாசலுக்கு உள்ளே, எந்த வீட்டில் யார் என்று காட்டும் பெயர்ப் பலகை கண்ணாடிக்குள் இருந்தது. அந்தக் கண்ணாடியில் சில பெயர்களுக்கு நேரே யாரோ கறுப்புப் பேனாவால் பெருக்கல் குறிபோலச் சிறு சிறு புள்ளடி போட்டிருந்தார்கள். நிதானமாக, ஒரே அளவில், பள்ளிக்கூட வாத்தியார் திருத்தியதுபோல. தமிழ்ப் பெயர்கள், பாகிஸ்தான் பெயர்கள், சோமாலியப் பெயர்கள், அந்தப் பிலிப்பினோப் பெண்ணின் பெயர். எங்களுடையதற்கும் இருந்தது. ஏசித் திட்டி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அக்காவின் வீட்டு எண்ணுக்கு நேரே புள்ளடி இல்லை. அங்கே போட ஒரு பெயரே இல்லை.

ஒரு இளம் பொலிஸ்காரப் பெண் வந்தாள். மிகவும் மரியாதையானவள். எல்லோரையும் தனித்தனியே விசாரித்து எழுதினாள். எங்களில் ஆங்கிலம் சரளமாக வருவது எனக்கென்பதால் நான் பக்கத்தில் நின்று உதவினேன். இவர் இன்னார், இந்த வீடு, எழுத்து இப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பலகையைப் பார்த்து, "ஒன்பதாம் மாடியில் இந்த வீட்டுக்குப் பெயர் இல்லையே, அங்கே யார்?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். யோசிக்கவில்லை. எங்கள் பெட்டியில் தவறி விழுந்த அவருடைய தபால்களில் பல தடவை கண்ட பெயர். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளைபோல, முதற்பெயர், தந்தை பெயர், ஒவ்வொரு எழுத்தாக, அவள் சரியாக எழுதும்வரை சொன்னேன். அவள் எழுதியதைத் திருப்பி உரத்து வாசித்தாள். ஒரு எழுத்தைத் தவறாக வாசித்தாள். நான் திருத்தினேன்.

திரும்பினேன். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கையில் மரக்கறிப் பையோடு அக்கா நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மூன்று நாள் அவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருக்கிறார் என்பது தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் தெரிந்தது. நான்காம் நாள் கதவடியில் நின்று, "அக்கா, நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவருடைய குரல் வந்தது.

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலீங்க. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். கொப்பியோட வந்த பையன்களும் நல்ல பையன்கதான். எழுதுறவங்க எப்பவும் நல்லவங்கதாங்க. அது நாளைக்கு யாரு கையில இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தப் பொலிஸ்காரப் பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.

புள்ளடி போட்டவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது கட்டடத்துக்குள் இருக்கும் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இரவில் முன்கதவு பூட்டியிருக்கும், வெளி ஆட்கள் உள்ளே வர முடியாது. லிப்டில் ஏறினால் என் கண் முதலில் போவது பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கல்ல, கைவிரல்களுக்கு. மை இருக்கிறதா என்று. பல வருடம் வணக்கம் சொன்ன மனிதர்களின் விரல்களை.

அந்த மாத முடிவிலேயே அக்கா மகளோடு இருக்கப் போனார். சாமான் ஏற்ற என் கணவர் தானாகவே போய் நின்றார். தலைமயிர் நரைத்துவிட்டது, முதுகு நோ வேறு. பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடி, "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினார். பதினைந்து வருடம் கழித்து.

"அந்தப் பெட்டியப் பாத்துத் தூக்குங்க தம்பி" என்றார் அக்கா. "கண்ணாடிச் சாமான் இருக்கு."

என் கணவர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு பஸ் மாறி ரூஜுக்குப் போனேன். எல்லாம் ஒரே மாதிரியான வீடுகள். மகள் வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அக்கா யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஆனால் என்னைக் கண்டதில் சந்தோசம் இருந்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

மேசையில் சீனிப் பேணியில் சாய்த்து வைத்த ஒரு போன். அதில் ஒரு வயதான பெண்ணின் முகம். அக்காவின் முகமே, இன்னும் பத்து வருடம் கூடியதுபோல.

"எங்க அக்கா" என்றார். "கூடலூர்ல இருக்காங்க. ஊட்டிக்குப் பக்கம்."

அவருக்கு ஒரு அக்கா இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். போனில் இருந்தவரும் இடையிடையே திருத்தினார்.

"வெள்ளைக்காரன் போனான், நாடு வந்துச்சு. நாடு வந்ததும் நாங்க இல்லாமப் போயிட்டோம். உங்கப்பன் இங்கதான் பொறந்தான்னு காட்டுன்னாங்க. எங்க தாத்தா அந்த லயத்துலதான் பொறந்தாரு. ஆனா யாரு எழுதி வச்சா?" பிறகு இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி, நாடில்லாத இந்த மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. இவ்வளவு பேர் இந்தியாவுக்கு, இவ்வளவு பேர் இலங்கைக்கு. கலியாணமாகி இருந்த மூத்தவர் இந்தியப் பட்டியலில். அக்கா பன்னிரண்டு வயதில் அப்பாவோடு இலங்கைப் பட்டியலில். மூத்தவர் போன ரயிலுக்கு தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி.

கணவனைப் பறிகொடுத்த பின் அக்காவும் மன்னாரிலிருந்து படகேறி இந்தியாவுக்குத்தான் போனார். அகதி முகாமில் சில வருடம். பிறகு ஒரு தேவாலயத்தார் பொறுப்பெடுத்துக் கனடா. முகாமில் இருந்த காலத்தில் ஒரு நாள் பஸ் பயணத் தூரத்தில் மூத்தவர் இருந்திருக்கிறார். ஒருத்தி அந்த நாட்டின் பிரசை, ஒருத்தி அந்த நாட்டில் அகதி. ஒருவருக்கொருவர் தெரியாது. மகள் தாய்க்குச் சொல்லாமல் அந்தத் தோட்டத்து ஆட்களின் முகநூல் குழு ஒன்றில் தாயின் பெயரைப் போட்டதில்தான் இப்போது கண்டுபிடித்தார்கள்.

"பேரப் போட்டதுக்குத் திட்டலையா அக்கா?" என்று கேட்டேன்.

"திட்டலாம்னுதான் வாயத் தெறந்தேன்" என்றார். "அதுக்குள்ள போன்ல இவ அழுவுறா."

சிரித்தோம். போனில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"அடியே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "ஓட்டு லிஸ்ட்டத் திருத்துறோம்னு வீட்டுக்கு வீடு பாரம் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பழைய லிஸ்ட்டுல எங்க பேரு, அப்பா பேரு எங்க இருக்குன்னு கேக்குறாங்க. எங்கப்பா பேரு இந்த நாட்டு லிஸ்ட்டுல எப்பிடி இருக்கும்? அவரு அங்கயே செத்தாரு. பொறந்த எடம்னு ஒரு கட்டம் இருக்கு. சிலோன்னு எழுதுனா வெளிய தள்ளிருவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. எழுதாம விட்டா பேரே இருக்காதுன்னு எதுத்த வீட்டுல சொல்றாங்க. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்குவாங்களாம். நீ வெளிநாட்டுல இருக்க. நீ சொல்லு, நான் என்ன எழுதட்டும்?"

அக்கா என்னைப் பார்த்தார். எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பியவள் நான்.  அவர்கள் தாய் வயிற்றிலிருந்து இறங்கிய இடத்தை எழுதினால் ஆபத்து, எழுதாவிட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்கு என்ன பதில் என்று எந்த அலுவலகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கா போனை இரண்டு கையாலும் எடுத்தார்.

"பாரத்த எடுத்துட்டு வாக்கா. மேலேர்ந்து ஒவ்வொண்ணா வாசி."

திரையில் ஒரு நீலச் சுவரும் நாற்காலியும் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. மூத்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வாசித்தார். பிறந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, எத்தனையோ பேர் கேட்டும் ஒருவருக்கும் சொல்லாததை, அந்தக் குசினியில் உரத்துச் சொன்னார். தோட்டத்தின் பெயர். எந்தப் பிரிவு. மேல் லயமா, கீழ் லயமா. எத்தனையாவது காம்பரா அறை. சொல்லி முடித்த உடனேயே போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"அக்கா, பேனாவா வச்சிருக்க?"

"ஆமா."

"வேணாம். பென்சில்ல எழுது. இப்போதைக்குப் பென்சில்ல எழுதி வையி."

மூத்தவர் படிவத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் அடியில் இருந்த சிறிய எழுத்துகளைத் தேடினார்.

"பென்சில் செல்லாதுன்னு போட்டிருக்குடி."

அக்கா போனைத் திரும்பவும் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தார். அது நேராக நிற்கிறதா என்று பார்த்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழமைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"நாலு நாள் அக்கா" என்றேன்.